எட்டாம் நாளோடு நின்ற நவநாள்

துணுக்காய்
12.10.1997

மரியாதைக்குரிய கொன்ஸ்ரன்ரைன் சுவாமிக்கு,

தோத்திரம் சுவாமி. நானும் இவரும் இஞ்சை ஏதோ இருக்கிறம். நீங்களும் அங்கை சுகமாய் இருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதத்தான் ஆசை. ஆனால் நீங்கள் சுகமாய் இல்லை எண்டு கேள்விப்பட்டபடியால்தான் எழுதுறன்.

என்ரை எழுத்தைப் பாத்துச் சிரியாதேங்கோ. நான் நாலாம் வகுப்போடை நிண்டவள். அந்த நாலாம் வகுப்பிலையும் பாதி வருசம் கருவாடு காயப்போட்டதிலை போச்சுது. இந்தக் கடிதத்துக்கு மூண்டு நாள் எடுத்தது. இவர் பாத்துட்டு, "என்ன, பெரிய சுவாமி மேற்றிராணியாருக்கே எழுதிறாய்?" எண்டு கேட்டார். ஸ்ரனிஸ்லஸ் எண்டு பேர் வைச்ச மனிசனுக்குப் பகிடிக்கு மட்டும் குறைவில்லை. கடலிலை ஓடினவர் இப்ப ஆரின்ரையோ வயலிலை நாத்து நடுறார். வரம்பாலை நடக்கத் தெரியாமல் நாளுக்கு ஒருக்கால் விழுகிறார்.

போன கிழமை இவரின்ரை சித்தப்பாவின்ரை மகன் ராசு ஊரிலை இருந்து கருவாடு கொண்டு வந்தவர். நீங்கள் இஞ்சை இருந்து பங்கு மாறிப் போனது எங்கடை ஊருக்குத்தான் எண்டு அவர் சொல்லித்தான் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் விட்டுட்டு ஓடி வந்த கடற்கரையிலை இப்ப நீங்கள் இருக்கிறியள். பாத்தியளே.

உங்களைப் பற்றி ராசுவைக் கேட்டன். "சுவாமி பூசை வைக்கிறார் மச்சாள். ஆனால் அடுப்பிலை உலை வைச்சிட்டு வந்த ஆள் மாதிரி அவதிப்பட்டு வைக்கிறார். பிரசங்கம் இல்லை, மேற்றிராணியாரின்ரை சுற்றுமடலை வாசிச்சுப்போட்டு இருந்திடுவார். ஒரு வீட்டுக்கும் போறேல்லை. செபியுங்கோ எண்டு ஒருதரையும் கேக்கிறேல்லை" எண்டார்.

எனக்கு நம்ப ஏலாமல் கிடந்தது. இஞ்சை இருக்கேக்கை கொட்டில் கொட்டிலாய்த் திரிஞ்சனீங்கள். மற்றச் சனம் "சாப்பிட்டாச்சோ" எண்டு கேக்கும், நீங்கள் "செபமாலை சொல்லியாச்சோ" எண்டுதான் கேப்பியள். உங்களைக் கண்டால் இவர் ஓடிப்போய்க் குசினிக்குள்ளை ஒளிக்கிறது உங்களுக்குத் தெரியாது.

இது என்னாலையோ எண்டு எனக்குப் பயம். என்ரை பிள்ளை நிதாவை அடக்கம் செய்த அண்டைக்கு உங்கடை அங்கியின்ரை கையைப் பிடிச்சு இழுத்து, "இனி என்ரை வாசலுக்கு வந்து செபம் எண்டு சொல்லாதேங்கோ சுவாமி" எண்டு கத்தினனான். முழுச் சனமும் பாத்துக்கொண்டு நிண்டது. ரண்டு மாதத்திலை நீங்கள் மாறிப் போயிட்டியள். அப்ப எனக்கு நல்லதெண்டுதான் பட்டது. பொய் எழுதக் கூடாது.

ஆனால் நான் அண்டைக்குக் கத்தினனே ஒழிய, சொல்லவேண்டியதைச் சொல்லேல்லை. நிதாவுக்குக் காய்ச்சல் எண்டு அந்தோனியாருக்கு வைச்ச நவநாள் செபத்தின்ரை எட்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு வலிப்பு வர, நீங்கள் ஒரு கதை கதைக்காமல் மோட்டச்சைக்கிளை எடுத்தனீங்கள். மண்ணெண்ணெயிலை ஓடுற சாமான். ரண்டு இடத்திலை நிண்டிட்டுது. நீங்கள் இறங்கி, போத்திலிலை கிடந்த துளிப் பெற்றோலை வாயாலை உறிஞ்சி ஊதி ஊதித்தான் அதை எழுப்பினனீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேக்கை உங்கடை வாயும் சொண்டும் வெந்து கிடந்தது. நான் பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு அதைப் பாத்தனான். அடுத்த நாள் விடிய அவள் போயிட்டாள். அவள் போன பிறகும் அந்தச் சொண்டு என்ரை கண்ணுக்குள்ளை நிண்டது.

எட்டு மாதமாய் இது எனக்குள்ளை கிடக்கு சுவாமி. இப்ப எழுதுறன். உங்களுக்குக் கோடி புண்ணியம்.

சனத்தைப் பழையபடி செபிக்கச் சொல்லுங்கோ. என்னாலை ஒரு ஊரே செபம் இல்லாமல் இருக்கக் கூடாது.

ராசு நாளைக்கு வெளிக்கிடுறார். அவரிட்டைக் குடுத்து விடுறன்.

உங்கடை பழைய பங்குச் சனம்,
யூலிற்றா


பங்குமனை
கடற்கரை, முல்லைத்தீவு
05.11.1997

அன்புள்ள யூலிற்றாக்கா,

உங்கள் கடிதம் ராசு கையால் கிடைத்தது. நாலாம் வகுப்பு என்கிறீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் இதுபோல விளங்குகிற கடிதம் வேறில்லை.

உங்கள் வளவைப் போய்ப் பார்த்தேன். மூன்று தென்னை நிற்கிறது, ஒன்றின் தலை செல்லடியில் போய்விட்டது. வீட்டுக்குக் கூரை இல்லை, சுவர் இருக்கிறது. கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தேன், இன்னும் நல்ல தண்ணீர். ஸ்ரனிஸ்லஸ் அண்ணனிடம் சொல்லுங்கோ. இங்கே பத்துப் பன்னிரண்டு வள்ளங்கள் தொழிலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. அவர் வந்தால் ஏறுவதற்கு இடம் இருக்கும்.

இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாளன்று பூசையில் உங்கள் நிதர்சனாவின் பெயரைச் சொன்னேன். ஏழு வயதாகாத பிள்ளை பாவமறியாத சம்மனசு, அவளுக்காக மன்றாடத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் சொன்னேன்.

ராசு சொன்னது உண்மைதான். அதற்குக் காரணம் நீங்கள் இல்லை. தயவுசெய்து அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கோ. எனக்கு நன்றி மட்டும் எழுதாதேங்கோ அக்கா. வேறு என்ன வேண்டுமென்றாலும் எழுதுங்கோ, ஏசியும் எழுதுங்கோ.

ஒன்று கேட்கலாமா? சுவாமியாகக் கேட்கவில்லை. நீங்கள் இப்போது செபிக்கிறனீங்களோ?

அன்புடன்,
கொன்ஸ்ரன்ரைன்


துணுக்காய்
08.12.1997

மரியாதைக்குரிய சுவாமிக்கு,

தோத்திரம். இண்டைக்கு மாதாவின்ரை திருநாள். எல்லாரும் கோயில் கொட்டிலுக்குப் போயிட்டினம். நான் வீட்டிலை இருந்து எழுதுறன். நீங்கள் கேட்டதுக்கு இதுதான் மறுமொழி.

கிணத்துத் தண்ணியின்ரை கதையைச் சொல்ல இவர் எழும்பி வெளியிலை போயிட்டார். கனநேரம் வரேல்லை. வந்து, "போவமே?" எண்டு மட்டும் கேட்டார். பிள்ளையை இஞ்சை குழியிலை வைச்சிட்டு நான் எங்கை போக?

செபிக்கிறேல்லை சுவாமி. வாய் எழும்புதில்லை. அருள்நிறைந்த மரியே எண்டு துடங்கினால் பாதியிலை பிள்ளையின்ரை நெத்திச் சூடு கையிலை வரும். அதோடை விட்டிடுவன்.

உங்களுக்குப் பிறகு வந்த புதுச் சுவாமி சின்னப் பெடியன், குருப்பட்டம் எடுத்து ஒரு வருசமும் இல்லை. நல்ல பிள்ளை. சனம் செபத்துக்கு வருகுதில்லை எண்டு அவருக்குச் சரியான கவலை. அதுக்கு என்ன செய்தார் தெரியுமே? வீட்டுக்கு ஒரு பச்சை அட்டை. பின்னேரச் செபத்துக்கு வந்தால் கோயில் மூப்பர் இளையதம்பி அதிலை ஒரு கோடு கீறுவார். நிவாரணக் கூப்பன் மாதிரி. நத்தார்ப் பண்டிகைக்கு ஆருக்குக் கூடக் கோடோ அவையள்தான் பாலன் குடில் கட்டலாம். சனம் என்ன லேசுப்பட்டதே? ஒராள் நாலு வீட்டு அட்டையையும் கொண்டு போகுது. மூப்பருக்குக் கண் தெரியாது, கண்ணாடியும் உடைஞ்சு போச்சு, கையிலை அம்பிட்டதிலை எல்லாம் கீறுறார். வாசல் மிதியாத எனக்கும் ஆறு கோடு விழுந்திருக்கு. இவர் அதைக் கொண்டுவந்து காட்டி, "நீ என்னை விடப் பக்திக்காறி" எண்டார்.

போன மாதம் அந்தச் சுவாமி வீட்டை வந்தவர்.

"அக்கா, ஏன் செபத்துக்கு வாறேல்லை?"

"நேரமில்லை சுவாமி."

"ஒரு பத்து நிமிசம் ஆண்டவருக்குக் குடுக்கேலாதோ?"

"பிள்ளையையே குடுத்தனான். பத்து நிமிசம் என்ன பெரிசு?"

பாவம், மனிசன் தேத்தண்ணியைக் குடிச்சார். பனங்கட்டியைக் கடிக்கவும் மறந்துபோனார். போகேக்கை, "எனக்கு விளங்காமல் கேட்டிட்டன் அக்கா" எண்டார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. அவரிலை என்ன பிழை?

நீங்கள் ஏசியும் எழுதலாம் எண்டியள். ஏசுறதுக்கு ஒராள் இருக்கு, அது நான்தான். இதை நான் இவரிட்டையும் சொல்லேல்லை. கடிதத்திலை பாவசங்கீர்த்தனம் செல்லாது எண்டு தெரியும். ஆனாலும் சொல்லுறன்.

நவநாளின்ரை நாலாம் நாள் பக்கத்து வளவுச் சிவனேஸ்வரி வேலியடிக்கு வந்தவா. அவா யாழ்ப்பாணத்திலை இருந்து இஞ்சை வந்து வயல் செய்யிற ஆள், சைவக்காறர், உங்களுக்குத் தெரியும். "யூலிற்றா, பிள்ளையின்ரை கண் எனக்குப் பிடிக்கேல்லை. உழவு மிசின் சும்மாதான் நிக்குது. என்ரை மனிசனை ஓட்டச் சொல்லுறன், ஏத்திக்கொண்டு போய் ரத்தம் சோதிச்சுப் பாப்பம்" எண்டவா. நான் என்ன சொன்னன் தெரியுமே? "இன்னும் அஞ்சு நாள்தான் கிடக்கு, ஏன் எங்கடை நேத்திக்கடனைக் குழப்புறியள்?" எண்டு கேட்டனான்.

எங்கடை பழக்கம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நேத்தி வைச்ச பிள்ளையை ஒன்பது நாளும் பின்னேரம் கோயிலுக்குக் கொண்டுபோய் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னாலை பாயிலை கிடத்தவேணும். ஒரு நாள் தவறினாலும் முதலாம் நாளிலை இருந்து துடங்கவேணும். கரைவலை இழுக்கிற சனம் நாங்கள். வலையை வளைச்சுப்போட்டுப் பாதியிலை கயித்தை விடுற வழக்கம் எங்களிட்டை இல்லை. விட்டால் நம்பிக்கை இல்லாதவள் எண்டாகிடும் எண்டு பயந்தன். கடவுளுக்குப் பயந்து பிள்ளையை வைச்சுக்கொண்டு இருந்தன்.

சிவனேஸ்வரி இண்டு வரைக்கும் அதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டேல்லை. செத்த வீட்டண்டைக்குக் கஞ்சி கொண்டுவந்து எனக்கு அவாதான் பருக்கினவா.

இவ்வளவுந்தான். எழுதினது ஒரு ஆறுதல். கேக்கிறதுக்கு நீங்கள் இருக்கிறியள், அதுக்கும் உபகாரம். நன்றி எழுத வேண்டாம் எண்டியள், எழுதிப்போட்டன்.

புளியங்குளப் பக்கம் கேட்ட செல் சத்தம் இப்ப கொஞ்சம் ஓய்ஞ்சு கிடக்கு. அங்கை கவனமாய் இருங்கோ.

யூலிற்றா


கடற்கரை, முல்லைத்தீவு
10.01.1998

அன்புள்ள யூலிற்றாக்கா,

உங்கள் கடிதத்தை நத்தாருக்கு முதல் நாள் வாசித்தேன். அன்று தொடங்கி இன்றுவரை இந்தக் கடிதத்தை நாலுதரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் பிள்ளையை நம்பிக்கையால் வைத்திருந்தீர்கள். அது பிழையான நம்பிக்கை என்றாலும் நம்பிக்கைதான். நான் எதற்காக வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியவேணும். நீங்கள் உங்களையே ஏசிக்கொண்டிருக்க நான் பேசாமல் இருந்தால் எனக்கு மன்னிப்பே இல்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் மருத்துவிச்சி விமலேஸ்வரி கோயில் வாசலுக்கு வந்தா. பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டா. "சுவாமி, இது மூளைக்கு ஏறுற மலேரியாவாக இருக்கலாம். இண்டைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் தாய் கேப்பா" என்றா. நான், "இன்னும் நாலு நாள்தானே, முடிந்ததும் கொண்டுபோவம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இடம்பெயர்ந்து வந்து ஆறு வருடமாக அந்தக் கொட்டிலுக்கு இருபது பேருக்கு மேல் வந்தது கிடையாது. நான் எவ்வளவு கத்தித் திரிந்தேன், உங்களுக்குத் தெரியும். நிதர்சனாவைப் பாயில் கிடத்திய அன்றிலிருந்து சனம் வரத் தொடங்கியது. முதல் நாள் முப்பது, மூன்றாம் நாள் எழுபது, ஐந்தாம் நாள் வெளியிலும் நின்றார்கள். ஆண்களும் முழந்தாளில் நின்று அழுது மன்றாடினார்கள். இதற்குத்தானே இவ்வளவு காலம் பாடுபட்டேன் என்று எனக்குள் ஒரு நிறைவு. பிள்ளையைத் தூக்கினால் சனமும் எழும்பிப் போய்விடும் என்று தெரியும். அந்தக் கூட்டத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா, ஒரு பிள்ளையின் காய்ச்சலை வைத்து நான் சனத்தைச் செபிக்க வைத்தேன். மாற்றம் கேட்டதும் நான்தான். அன்றிலிருந்து "செபிப்போம்" என்ற சொல் என் வாயில் வரும்போதெல்லாம் விமலேஸ்வரியின் முகம் வருகிறது. பூசைப் புத்தகத்தில் இருப்பதை வாசிக்கிறேன். அதற்கு மேல் சனத்தைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

மறுமொழி எதிர்பார்க்கவில்லை.

கொன்ஸ்ரன்ரைன்


துணுக்காய்
02.02.1998

சுவாமிக்கு,

கடிதம் கிடைச்சுது. வாசிச்சன்.

விமலேஸ்வரி வந்தது எனக்குத் தெரியாது. "நீங்கள் சொன்னால்தான் தாய் கேப்பா" எண்டு அவா சொன்னது சரி. நீங்கள் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பன்.

பதினாலாம் திகதி பிள்ளையின்ரை ஆண்டுத் திவசம். அதுக்கு நீங்கள் பூசை வைக்க வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

யூலிற்றா


துணுக்காய்
21.06.1998

மரியாதைக்குரிய கொன்ஸ்ரன்ரைன் சுவாமிக்கு,

தோத்திரம் சுவாமி. எழுத வேண்டாம் எண்டு நானே சொல்லிப்போட்டு நானே எழுதுறன். நான் சொன்னபடி கேட்டு நீங்களும் ஒரு வரியும் போடேல்லை. சில வேளையிலை சொன்னதைக் கேக்கிற ஆக்களோடையும் கோவம் வருது.

உங்கடை கடிதத்தை இவருக்கும் காட்டேல்லை. அரிசி வாளிக்குள்ளை வைச்சனான். அரிசி அள்ளேக்கை எல்லாம் அது கையிலை தட்டுப்படும், எனக்கு நெஞ்சு எரியும். நீங்கள் மட்டும் அப்ப முன்னாலை வந்திருந்தால் என்ன செய்திருப்பனோ தெரியாது. முப்பத்தைஞ்சு கட்டை தூரத்துக்கு அங்காலை இருந்தது உங்கடை நல்ல காலம்.

இப்ப நடந்ததைச் சொல்லுறன்.

பங்குனி மாதம் சிவனேஸ்வரியின்ரை மூத்தவள் தாட்சாயினிக்குக் காய்ச்சல். பதினேழு வயசுப் பிள்ளை. இரண்டாம் நாள் பின்னேரம் வேலியாலை எட்டிப் பாத்தன். நடுங்குது, பேச்சுத் தடுமாறுது. எனக்கு அந்தக் கண் தெரியும் சுவாமி. "உழவு மிசினை எடுங்கோ" எண்டு கத்தினன். சிவனேஸ்வரி, "டீசல் இல்லையடி, ஒரு மாதமாய் அது கோழி படுக்கிற இடம்" எண்டு அழுதா. மனிசனும் வீட்டிலை இல்லை. சைக்கிளிலை வைச்சால் பிள்ளை இருக்காது, சரியுது.

நான் ஓடினன். எங்கை ஓடுறது எண்டு யோசிக்கேல்லை. கால் கோயில் கொட்டிலுக்குத்தான் போச்சுது. ஒரு வருசத்துக்குப் பிறகு அந்த வாசல். உள்ளுக்குப் புதுச் சுவாமியும் ஒரு பதினைஞ்சு பேரும் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தினம். மூப்பர் அட்டையும் பென்சிலுமாய்க் குந்தியிருந்தார்.

"எழும்புங்கோ! ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்" எண்டு கத்தினன்.

மூப்பர், "செபம் முடியட்டும் பிள்ளை, இன்னும் ரண்டு காரணிக்கம், இருபது மணிதான் கிடக்கு" எண்டார்.

எனக்குக் கண் இருண்டுபோச்சுது. ஆனால் நான் வாய் திறக்க முதல் அந்தச் சின்னச் சுவாமி செபமாலையைக் கழுத்திலை போட்டுக்கொண்டு எழும்பிட்டார். "மிச்சத்தை நடந்து நடந்து சொல்லலாம்" எண்டார். பீடத்துக்குப் பக்கத்திலை இருந்த தன்ரை கதிரையைத் தூக்கினார். சிவனேஸ்வரி வீட்டை கொண்டோடிப் போய் ரண்டு தடியை வைச்சுக் கட்டினம். தாட்சாயினியை அதிலை இருத்திச் சீலையாலை சுத்திக் கட்டி, நாலு பேர் தூக்கிச்சினம். முன்னுக்கு ஒரு தடி சுவாமியின்ரை தோளிலை, மற்றது செபத்துக்கு வந்திருந்த இவரின்ரை தோளிலை.

ஆஸ்பத்திரி நாலு கட்டை. அது எங்களுக்கு ஆறு செபமாலைத் தூரம் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது. சிவனேஸ்வரி பிள்ளையின்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு வந்தவா. "நீங்கள் மாதாவைக் கூப்பிடுங்கோ, நான் பிள்ளையாரைக் கூப்பிடுறன். ஆர் முதல் வந்தாலும் எனக்குக் காரியமில்லை" எண்டா. அந்த நேரத்திலையும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

சின்னச் சுவாமி தடி தூக்கிப் பழகாத ஆள். பாதித் தூரத்திலை மூச்சு வாங்குது, தோளிலை ரத்தம் கண்டிட்டுது. மாறச் சொன்னால் மாட்டன் எண்டார். பின்னாலை திரும்பி, "எனக்கு ஏலாமல் கிடக்கு. எனக்கும் சேத்து ஒண்டு சொல்லுங்கோ" எண்டு கேட்டார். அவர் வந்த நாள் துடங்கி தனக்கெண்டு எங்களிட்டை ஒண்டு கேட்டது அதுதான் முதல் தரம். மற்றதெல்லாம் செய்யுங்கோ எண்டு சொன்னது. அவ்வளவுதான் சுவாமி, வாய் திறவாமல் வந்த ஆம்பிளையளும் சத்தம் போட்டுச் சொல்லத் துடங்கிச்சினம். நானும் சொன்னன். எப்ப துடங்கினன் எண்டு எனக்கே தெரியாது. அருள்நிறையிலை பாதிக்கு வந்த பிறகுதான், ஐயோ நான் சொல்லுறன் எண்டு கண்டுபிடிச்சன்.

இனி எழுதுறதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

வழியிலை ஒவ்வொரு படலையாலையும் சனம் வந்து சேந்தது. ஒருக்கால் திரும்பிப் பாத்தன். ஒரு அறுபது பேர் வரும். றோட்டு நிறையச் சனம், எல்லாரின்ரை வாயிலையும் செபம். எனக்குள்ளை ஒரு சந்தோசம் எழும்பிச்சுது. பிள்ளை கதிரையிலை நடுங்கிக்கொண்டு இருக்கிறாள், தாய் காலைப் பிடிச்சு அழுகிறாள், எனக்குச் சனம் கூடினது சந்தோசம். இன்னும் கொஞ்சம் மெல்ல நடந்தால் இன்னும் சனம் சேரும் எண்டுகூட ஒரு நினைப்பு வந்திட்டுப் போச்சுது. ஒரு கண் வெட்டுற நேரந்தான். வந்தது வந்ததுதான்.

அப்ப எனக்கு உங்களை விளங்கிச்சுது சுவாமி. அண்டைக்கு உங்களுக்கு வந்ததும் இதுதான். நான் நடந்துகொண்டு இருந்தபடியால் அது என்னை விட்டுப் போச்சுது. நீங்கள் முழந்தாளிலை நிண்டபடியால் உங்களைப் பிடிச்சு வைச்சுக்கொண்டுது. அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் எத்தினையோ நாள் இருந்து யோசிச்சுப்போட்டுத்தான் எழுதுறன்.

தாட்சாயினி தப்பிட்டாள். ரத்தம் எடுத்துப் பாத்து உடனை மருந்து ஏத்தினவை. இப்ப வேலிக்கு அங்காலை நிண்டு தாயோடை சண்டை பிடிக்கிறது எனக்குக் கேக்குது. அந்தச் சத்தம் எனக்குச் சந்தோசமாயும் கிடக்கு, நெஞ்சுக்குள்ளை கத்தி மாதிரியும் கிடக்கு. ரண்டையும் ஆண்டவரிட்டைச் சொல்லுறனான். ஓம், இப்ப கதைக்கிறனான். கேக்கிறதுக்கு எனக்கு ஒண்டும் வருகுதில்லை. நன்றிதான் வருது, அதுவும் கோவத்தோடை. அவர் வாங்கிக்கொள்ளுறார் போலைதான் கிடக்கு.

அதுக்குப் பிறகு இஞ்சை ஒரு வழக்கம் வந்திட்டுது. பூசை முடிய முதல் சுவாமி, "ஆருக்குக் காய்ச்சல்?" எண்டு கேப்பார். கையை உயத்தவேணும். ஆர் கூட்டிக்கொண்டு போறது, ஆர் அந்த வீட்டிலை உலை வைக்கிறது எண்டு முதல் முடிவெடுத்துப்போட்டுத்தான் மன்றாட்டு. விமலேஸ்வரி மிஸ்ஸியும் ஞாயிற்றுக்கிழமையளிலை வந்து வாசலிலை இருக்கிறா. சைவக்காறரும் வருகினம். கொட்டில் காணாது, பக்கத்திலை ஒரு பத்தி, ஓலைச் சாய்ப்பு இறக்கியிருக்கு. பச்சை அட்டையின்ரை கதையே இல்லை. மூப்பருக்குத்தான் மனவருத்தம், பென்சிலை இன்னும் காதிலை செருகிக்கொண்டு திரியிறார்.

இவர் போன மாதம் எங்கடை ஊருக்கு வந்து பாத்துட்டு வந்தவர், நீங்கள் அறிவியள். வந்தவரைக் கண்டு நீங்கள் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினியளாம். இவருக்கு ஒண்டும் தெரியாது. "சுவாமிக்கு என்னிலை என்ன கோவம்?" எண்டு கேக்கிறார். நான் பிறகு எல்லாத்தையும் சொன்னன், வேலியடியிலை சிவனேஸ்வரி கேட்டதையும் சேத்து. கேட்டுட்டு, "அந்த மனிசன் ஒருவருசமாய்த் தனிய இதைத் தூக்கிக்கொண்டு திரியுதே" எண்டார். பகிடிக்காற மனிசன், ஆனால் நல்ல மனிசன்.

நாங்கள் ஆவணியிலை ஊருக்கு வாறதெண்டு முடிவெடுத்திருக்கிறம். பிள்ளையின்ரை குழியைச் சிவனேஸ்வரி பாக்கிறன் எண்டவா. "நான் பூ வைப்பன், திருநீறு பூச மாட்டன், பயப்பிடாதை" எண்டா. அவா இருக்கிறபடியால்தான் எனக்குக் கால் எழும்புது.

நாங்கள் வரேக்கை கதவைச் சாத்தாதேங்கோ.

நான் உங்களை மன்னிச்சுப்போட்டன் எண்டு எழுதக் கூச்சமாய்க் கிடக்கு. நாங்கள் சுவாமிமாரிட்டைப் போய் மன்னிப்புக் கேட்டுப் பழகின சனம், குடுத்துப் பழக்கமில்லை. எப்பிடிச் சொல்லுறதெண்டும் தெரியாது. பிழை இருந்தது உங்களிலையும்தான், என்னிலையும்தான். நான் முழுக்கத் தூக்கி உங்கடை தலையிலை போட்டனான், அது எனக்கு லேசாய் இருந்தபடியால். என்ரை பங்கை நான் எடுத்துட்டன். உங்கடை பங்கை ஆண்டவரிட்டைக் குடுங்கோ, வைச்சிருக்காதேங்கோ. மறைக்காமல் எனக்கு எழுதினியளே, அதுக்கு நான் சாகும்வரைக்கும் நன்றியாய் இருப்பன். நீங்கள் எழுதியிருக்காட்டில் நான் இண்டைக்கும் என்னைத்தான் திண்டுகொண்டு இருந்திருப்பன்.

சனத்தைக் கேக்க உங்களுக்கு உரிமை இல்லை எண்டு எழுதியிருந்தனீங்கள். எனக்குப் படிப்பில்லை, சுவாமிமாருக்குச் சொல்லித் தரவும் ஏலாது. ஆனால் நான் கண்டதைச் சொல்லுறன். வாற ஞாயிறு பூசையிலை நடந்ததை எங்கடை ஊர்ச் சனத்துக்குச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ. என்னைப் பற்றியும் சொல்லலாம், நான் வெக்கப்பட மாட்டன். பிள்ளையின்ரை பேரைச் சொல்லுங்கோ, நிதர்சனா எண்டு வடிவாய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு, செபியுங்கோ எண்டு சொல்லாதேங்கோ. எனக்காகச் செபியுங்கோ எண்டு கேளுங்கோ. சொன்னால் எங்கடை சனம் தலையை ஆட்டிப்போட்டுப் போயிடும். கேட்டால் இல்லையெண்டு சொல்லாது. அதுகளின்ரை குணம் எனக்குத் தெரியும், நான் அங்கை பிறந்தவள்.

ஒருதரும் துடங்காட்டிலும் பரவாயில்லை. நான் துடங்கிட்டன்.

யூலிற்றா